வாங்க ஒரு கல், விற்க ஒரு கல்லா?



கடையில் அமர்ந்திருக்கும் நம் வணிகப் பெருமக்களிடம் ஒரு கேள்வி. சரக்கு வாங்க ஒரு எடைக்கல், விற்க வேறொரு எடைக்கல் என்று ஒருவன் வைத்திருந்தால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? மோசடிக்காரன் என்பீர்கள். அதே காரியத்தை ஒரு வல்லரசு செய்தால் மட்டும் அதற்கு 'ராஜதந்திரம்' என்று பெயர்!

"நாடுகளுக்கிடையே நியாயம், தர்மம் எதுவும் கிடையாது, பலசாலி வைத்ததே சட்டம்" என்று உலக அரசியல் தெரிந்தவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். மனம் வெறுத்துப் போன நம் இளைஞர்களில் பலரும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். இது சரிதானா? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடிய ஓர் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியரை இங்கே அறிமுகம் செய்கிறோம்.

அவர் பெயர் ஸ்டான்லி ஹாஃப்மன். 1928-ல் வியன்னாவில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். நாஜிகளின் கணக்குப்படி யூத இரத்தம் உள்ளவர். 1940-ல் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது தாயும் மகனும் தெற்கே தப்பி ஓடினார்கள். நீஸ் நகரில் படித்துக் கொண்டிருந்தபோது நெருங்கிய நண்பனை நாஜிகள் பிடித்துக் கொண்டு போனார்கள். அடுத்தது இவர்களுடைய முறை! அப்போது, வகுப்பில் சரித்திரம் நடத்திய ஆசிரியர் பொய்ப் பெயரில் அடையாளத் தாள்கள் கொடுத்து இருவரையும் ஊரை விட்டுத் தப்ப வைத்தார். சட்டம் ஒரு பக்கம் நின்றது. மனசாட்சி மறு பக்கம் நின்றது. அந்தச் சாதாரண ஆசிரியர் மனசாட்சியின் பக்கம் நின்றார். மாணவர் அதைக் கடைசி வரை மறக்கவில்லை.

1955-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்தவர், 2013 வரை அங்கேயே இருந்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! அதே துறையில் அவருடன் பணியாற்றியவர் ஹென்றி கிஸிங்கர். அவரும் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்தான். 1969-ல் கிஸிங்கர் வெள்ளை மாளிகைக்குப் போனார். அதே ஆண்டு கம்போடியா மீது இரகசியக் குண்டுவீச்சு தொடங்கியது. ஹாஃப்மனோ வகுப்பறையிலேயே தங்கினார். ஐரோப்பிய ஆய்வு மையம் ஒன்றை உருவாக்கினார். வியட்நாம் போரை எதிர்த்தார். ஒருவர் அதிகாரத்தின் காதில் பேசினார். மற்றவர் மாணவர்களின் காதில் பேசினார்.

1981-ல் அவருடைய நூல் வெளிவந்தது. 'எல்லைகளுக்கு அப்பாலும் கடமைகள்' என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். போர், மனித உரிமை, செல்வப் பங்கீடு, உலக ஒழுங்கு ஆகிய நான்கையும் அது ஆராய்கிறது. அதன் சாரம் இதுதான்: "வேறு வழியில்லை" என்று ஆட்சியாளர்கள் சொல்வது பெரும்பாலும் பொய். தேர்ந்தெடுக்க இடம் எப்போதும் கொஞ்சமாவது இருக்கிறது. இடம் இருக்குமானால் பொறுப்பும் இருக்கிறது! அதே சமயம், நல்ல எண்ணம் மட்டும் போதாது. விளைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நியாயம் பேசுவோருக்கும் அவர் வைத்த கடிவாளம் இது.

இந்தக் கொள்கைக்குப் பரீட்சை போஸ்னியாவில் வந்தது. 1991-ல் யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஐ.நா. ஆயுதத் தடை விதித்தது. செர்பியர் கையில் ஏற்கனவே ராணுவத்தின் ஆயுதங்கள் இருந்தன. போஸ்னிய முஸ்லிம்கள் கையில் என்ன இருந்தது? 1993-ல் ஸ்ரெப்ரெனிட்ஸாவைப் 'பாதுகாப்புப் பகுதி' என்று ஐ.நா. அறிவித்தது. 1995 ஜூலையில் அதே ஊரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். உள்நாட்டு விவகாரம் என்ற திரைக்குப் பின்னால் கூட்டுக் கொலை நடக்கும்போது உலகம் கைகட்டி நிற்கலாமா என்பதை, மனிதாபிமானத் தலையீடு பற்றி 1996-ல் வெளிவந்த தம் நூலில் ஹாஃப்மன் விவாதித்தார்.

சரி, தலையிடலாம் என்றால் வல்லரசு தன் ஆசைக்கெல்லாம் அதையே சாக்காக்காதா? ஆக்கியது! 2003-ல் ஐ.நா. ஒப்புதல் இல்லாமல் ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்தது. இல்லாத பேரழிவு ஆயுதங்கள் காரணமாகக் காட்டப்பட்டன. தான் குடியுரிமை பெற்ற நாடு என்று ஹாஃப்மன் மௌனமாக இருக்கவில்லை; அந்தப் போரைப் பகிரங்கமாக எதிர்த்தார். செர்பியருக்கு ஒரு கல், அமெரிக்காவுக்கு ஒரு கல் என்று அவர் வைத்துக் கொள்ளவில்லை. 2015-ல் தம் 86-ஆம் வயதில் காலமானார்.

இளைஞர்களே! இப்போது நம் கையில் இருக்கும் கல்லையும் எடுத்துப் பார்ப்போம். போஸ்னியாவுக்காகக் கண்ணீர் விட்டோம், நியாயம்தான். 1988-ல் ஹலப்ஜாவில் சதாம் ஹுசைனின் படை விஷவாயு வீசி ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றதே, அவர்களும் முஸ்லிம்கள்தானே? அன்று நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? கொன்றவன் நம்மவன் என்றால் கல் மாறிவிடுமா?

உலகில் நீதியே இல்லை என்று புலம்புவது எளிது. அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று இருக்கிறது. அரசியல் விஞ்ஞானம், சர்வதேசச் சட்டம் ஆகிய துறைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள்? வணிகப் பெருமக்களே! ஊருக்கு ஒரு மாணவனையாவது இந்தப் படிப்புக்கு அனுப்பும் செலவை ஏற்றுக் கொள்ளுங்கள். நீஸ் நகரத்து ஆசிரியர் ஒரு சிறுவனைக் காப்பாற்றினார். அந்தச் சிறுவன் அறுபது ஆண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்தான்.

முதலில் நம் தராசு நேராகட்டும். அப்போதுதான் உலகத்தின் தராசைக் குறை சொல்லும் தகுதி நமக்கு வரும்.

சிந்திப்போம்!