அட்டமிக்கு நாள் குறியுங்கள்

நிலவு காட்டும் நிகழ்ச்சி என்றாலே முழுநிலா நாளைக் குறிப்பது பிழையான மரபு. அன்று கதிரவன் ஒளி நிலவின்மீது நேராக விழுகிறது, நிழல் விழுவதில்லை. நிழல் இல்லையேல் மேடும் பள்ளமும் கண்ணுக்குப் புலப்படா. வரிசையில் காத்துநின்ற பிள்ளை கண் கூசும் வெள்ளைத் தட்டைக் கண்டு, ‘இவ்வளவுதானா?’ என்று திரும்புகிறது. டைக்கோவின் கதிர்க்கோடுகள் அன்றுதானே நன்கு தெரியும் என்பர். உண்மையே, ஆனால் கோடுகளைக் கொண்டு மலையின் உயரத்தை அறிய இயலாது.

‘ஆகாத நாள்’ என ஒதுக்கப்படும் அட்டமியே, வளர்பிறையில் வருமாயின், இதற்கு உகந்தது. அந்தி சாயும்போதே நிலவு உச்சிவானில் நிற்கும். ஒளியும் இருளும் பிரியும் எல்லை அதன் நடுவே ஓடும். அவ்வெல்லையருகே 154 கி.மீ. அகன்ற தாலமி பள்ளமும் அப்பெனைன் மலைத்தொடரும் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். அத்தொடரின் ஐகன்ஸ் சிகரம் 5 கி.மீ.க்கும் மேல் உயர்ந்தது. இடுக்கியின் ஆனைமுடியோ 2,695 மீட்டர். நிலவு மலைகளின் உயரத்தை 1610-இல் கலிலியோ கணித்து வெளியிட்டதும் இவ்வெல்லையை ஆராய்ந்தே.

பெரிய கருவி வேண்டும், இருண்ட வானம் வேண்டும் என்பன வெறும் சாக்குகள். 70 மி.மீ. தொலைநோக்கியே நிலவில் ஏறத்தாழ 3 கி.மீ. இடைவெளியைப் பிரித்துக் காட்டும். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையின் வீட்டு முற்றமும், மழைமறைவில் அமைந்த மறையூரின் வாசலும் போதுமானவை. எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள் வகுப்பில் கற்கும் முக்கோணவியலுக்கு வானத்தில் ஒரு மலை காத்திருக்கிறது. அதை மறைப்பது மேகமன்று, நாள் குறிப்போரின் பழக்கமே.