முதல் இடம் விலைக்கு! கூகுளில் கடைகள் நடத்தும் போட்டி

அமெரிக்காவில் "ஜே.சி.பென்னி" என்று ஒரு பெரிய கடை உண்டு. 1902-ம் ஆண்டு தொடங்கிய கடை. 2011-ல் அதற்கு 1,100-க்கும் மேற்பட்ட கிளைகள் இருந்தன. துணிமணி, மெத்தை, தரை விரிப்பு, மேஜை, நாற்காலி எல்லாம் அங்கே கிடைக்கும்.

2010-ம் ஆண்டு கடைசியில், கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில், ஓர் அதிசயம் நடந்தது. "பெண்கள் கவுன்" வேண்டும் என்று கூகுளில் தேடினால், முதலில் வந்து நின்றது பென்னி கடை. "படுக்கை விரிப்பு" என்று தேடினாலும் பென்னி. "தரை விரிப்பு" என்றாலும் பென்னி.

இதைக் கூட விட்டுவிடலாம். "சாம்சனைட்" என்பது பெட்டி செய்யும் கம்பெனி. "சாம்சனைட் கைப்பெட்டி" என்று கம்பெனியின் பெயரையே சொல்லித் தேடினார்கள். அப்போதும் பென்னி முன்னால்! பெட்டியைச் செய்த கம்பெனி பின்னால்!

இது எப்படி நடந்தது? "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகைக்குச் சந்தேகம் வந்தது. விவரம் தெரிந்த ஒருவரை வைத்துத் துப்புத் துலக்கியது. 2011 பிப்ரவரியில் குட்டு உடைந்தது.

அந்தக் குட்டு என்ன என்று தெரிய வேண்டுமானால், கூகுள் எப்படி வரிசை போடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சிபாரிசுக் கணக்கு

ஊருக்குப் புதிதாக வந்தவர் நல்ல வைத்தியர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வார்? நாலு பேரிடம் கேட்பார். பலரும் ஒரே பெயரைச் சொன்னால் அவரிடம் போவார். சொன்னவர்களில் ஒருவர் ஊரில் மதிப்பு உள்ளவராக இருந்தால், அந்தச் சொல்லுக்கு இன்னும் எடை அதிகம்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் இதையே கணக்காகப் போட்டார்கள். ஒரு இணையதளத்தில் இருந்து இன்னொரு இணையதளத்துக்குப் போக வழி வைப்பது உண்டு. அதை விரலால் தொட்டால் அடுத்த பக்கம் திறக்கும். அதற்கு "லிங்க்" என்று பெயர். ஒவ்வொரு லிங்க்கும் ஒரு சிபாரிசு என்று இவர்கள் வைத்துக்கொண்டார்கள். நிறைய சிபாரிசு உள்ள பக்கம் மேலே வரும். மதிப்பு உள்ள பக்கம் செய்யும் சிபாரிசுக்குக் கூடுதல் மார்க்கு. 1998-ல் கூகுள் கம்பெனி பிறந்தது இந்தக் கணக்கின் மேல்தான். இன்று வேறு பல கணக்குகளும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் லிங்க்கின் மதிப்பு போய்விடவில்லை.

அருமையான யோசனைதான். ஆனால், சிபாரிசுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் மனிதன் சும்மா இருப்பானா?

என்ன சொல்லித் தேடுவார்கள்?

இணையதளத்தை முன்னுக்குக் கொண்டுவருவது இன்று ஒரு தனித்தொழில். "எஸ்.இ.ஓ." என்பார்கள். அதில் முதல் வேலை, வாடிக்கையாளர் எந்தச் சொல்லை எழுதித் தேடுவார் என்று கண்டுபிடிப்பது. அந்தச் சொல்லுக்குக் "கீவேர்டு" என்று பெயர்.

விற்கிறவர் ஒரு பெயர் வைத்திருப்பார். வாங்குகிறவர் வேறு பெயர் சொல்லித் தேடுவார். கடைக்காரர் "இல்ல அலங்காரப் பொருட்கள்" என்று பலகை போட்டிருப்பார். வீட்டு அம்மாளோ "ஜன்னல் திரைச் சீலை விலை" என்று தேடுவார். இரண்டும் சந்திக்காது. எந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று, விளம்பரம் கொடுப்பவர்களுக்குக் கூகுளே உத்தேசக் கணக்குக் கொடுக்கிறது. "கவுன்" என்று தேடுகிறவர்கள் ஏராளம். அதில் போட்டியும் ஏராளம். "கறுப்பு நிறக் குட்டைக் கவுன்" என்று தேடுகிறவர்கள் குறைவு. ஆனால், அவர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள்!

இதில் தப்பு ஒன்றும் இல்லை. வாடிக்கையாளரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது நல்ல வியாபாரம்.

தப்பு அடுத்த படியில் வருகிறது. ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் நூறு தடவை எழுதினார்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்துப் போல, கண்ணுக்குத் தெரியாமல் எழுதினார்கள். மனிதனுக்குத் தெரியாது, யந்திரம் மட்டும் படிக்கும். 2006-ல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனியே இப்படி மாட்டிக்கொண்டது. "பழைய கார்" போன்ற சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதி, யந்திரத்துக்கு என்று தனிப்பக்கம் வைத்திருந்தது. கூகுள் அந்த ஜெர்மன் தளத்தையே பட்டியலில் இருந்து தூக்கிவிட்டது. கம்பெனி அந்தப் பக்கங்களை நீக்கிய பிறகு சேர்த்துக்கொண்டது.

நாயும் குறட்டையும்

பென்னி விவகாரம் இதைவிடப் பெரியது. அங்கே நடந்தது லிங்க் வியாபாரம்.

பென்னி கடைக்கு யார் யார் சிபாரிசு செய்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். "கவுன்" சம்பந்தப்பட்ட சொற்களோடு மட்டும் 2,015 பக்கங்களில் லிங்க் இருந்தது. அவை என்ன பக்கங்கள் தெரியுமா? நாய் வளர்ப்பு, குறட்டை, பல் வைத்தியம், மீன் பிடித்தல், அலுமினியத் தகடு! குறட்டைக்கும் கவுனுக்கும் என்ன சம்பந்தம்? யாரோ பணம் கொடுத்து, அந்தப் பக்கங்களின் மூலையில் "கவுன்" என்ற சொல்லைப் போட்டு, பென்னிக்கு வழி வைத்திருந்தார்கள்.

பத்திரிகை இதைக் கூகுளிடம் காட்டியது. விதியை மீறிய செயல் என்று கூகுள் ஒப்புக்கொண்டது. தண்டனையும் உடனே வந்தது. பிப்ரவரி 9-ந் தேதி இரவு 7 மணிக்கு "சாம்சனைட் கைப்பெட்டி"க்கு முதல் இடத்தில் இருந்த பென்னி, 9 மணிக்கு 71-வது இடத்துக்குப் போய்விட்டது. மொத்தம் 59 சொற்களை வைத்துப் பார்த்தார்கள். பிப்ரவரி 1-ந் தேதி பென்னியின் சராசரி இடம் 1.3. பத்தாம் தேதி 52!

"இந்த லிங்க்குகளை நாங்கள் வைக்கச் சொல்லவில்லை" என்றது பென்னி கம்பெனி. அந்த வேலையைப் பார்த்து வந்த ஆலோசனைக் கம்பெனியை நீக்கிவிட்டது. ஆனால், கிறிஸ்துமஸ் வியாபாரம் முடிந்து போயிருந்தது. அந்த வியாபாரத்தில் எத்தனை நேர்மையான கடைகள் இரண்டாம் பக்கத்தில் கிடந்து காய்ந்தனவோ! முதல் இடத்தில் உள்ள தளத்துக்குப் போகிறவர்கள், இரண்டாவது இடத்துக்குப் போகிறவர்களைப் போல் இரு மடங்கு என்று அந்த நாளில் ஒரு கணக்கு வெளிவந்தது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவார் யார்?

கூகுளையும் சும்மா விடமுடியாது. பென்னி கம்பெனி கூகுளுக்கு மாதம் 24 லட்சம் டாலருக்கு மேல் விளம்பரம் கொடுத்து வந்ததாக ஒரு கணக்கு அப்போது வெளியாகி இருந்தது. அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்று கூகுள் மறுத்தது. இருக்கலாம். ஆனால் அதற்கு முன்பும் மூன்று தடவை பென்னியின் தளத்தில் விதி மீறலைக் கூகுள் கண்டுபிடித்திருந்தது. அப்படி இருந்தும் கடைசியில் பிடித்துக் கொடுத்தது ஒரு பத்திரிகைதான்.

பத்திரிகையும் தப்பவில்லை

2012 ஏப்ரலில் "பெங்குவின்" என்ற பெயரில் கூகுள் புதிய கணக்குக் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய லிங்க்குகளைப் பிடிப்பதற்கு என்றே வந்த கணக்கு. பல தளங்கள் சரிந்தன. லிங்க் விற்றவர்கள் புது வழி தேடினார்கள். செத்துப்போன தளங்களின் பெயரை விலைக்கு வாங்கினார்கள். அந்தப் பழைய பெயருக்கு இருக்கும் மதிப்பை உறிஞ்சினார்கள்.

பெரிய பத்திரிகைகளின் பெயரும் வாடகைக்குப் போனது. பத்திரிகைத் தளத்தில் ஒரு மூலையை வெளியாருக்கு விடுவது. அவர் அங்கே தள்ளுபடிக் கூப்பன் பக்கம் நடத்துவது. பத்திரிகையின் நல்ல பெயரால் அது மேலே ஏறுவது. 2024 மார்ச்சில் இதையும் கூகுள் குற்றப் பட்டியலில் சேர்த்தது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் இதை எழுத எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விடவும் முடியாது.

ஒரே நீதிபதியிடம் எல்லா வழக்கும் போவதால் வந்த வினை இது. அந்த இடத்துக்குக் கூகுளே விலை கொடுத்திருக்கிறது! போன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் தன் தேடும் பெட்டியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக, 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் மற்றக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. தேடும் தொழிலில் கூகுள் சட்ட விரோதமாக ஏகபோகம் வைத்திருக்கிறது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புக் கூறினார்.

நம் வீட்டுக்கும் வரும்

கவுன் வாங்குவதில் ஏமாந்தால் சில ரூபாய்தான் நஷ்டம். மோசடிக்காரர்கள் இதே வித்தையை வேறு விதமாகச் செய்கிறார்கள். பணம் அனுப்பியது போய்ச் சேரவில்லை. பதற்றத்தில், "பாங்கி உதவி எண்" என்று போனில் தேடுகிறார் ஒருவர். தேடிய சொல்லுக்குத் தக்கபடி போலி எண் முன்னால் வந்து நிற்கிறது. பேசுகிறவன் "ஐயா, கவலைப்படாதீர்கள்" என்று அன்பாகப் பேசி, ரகசிய எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கைத் துடைத்துவிடுகிறான்.

தேடும் பட்டியலில் போலி எண்ணை ஏற்றி நடக்கும் இந்த மோசடியை, 2022-ல் வெளியிட்ட எச்சரிக்கைப் புத்தகத்தில் ரிசர்வ் வங்கி தனியாகவே குறிப்பிட்டிருக்கிறது. உதவி எண்ணைப் பாங்கியின் சொந்த இணையதளத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்கிறது. தேடவே வேண்டாம் என்பவர்களுக்கு, ஏ.டி.எம். அட்டையின் பின்பக்கத்திலேயே அந்த எண் அச்சடித்து இருக்கிறது.