நான் அடிக்காத ஹோம் ரன்னும் ஒரு குடும்பத்தோட அட்வான்ஸும்

போன கோடைல ஒரு சனிக்கிழமை காலைல, நியூ ஜெர்சில ஒரு சாஃப்ட்பால் மைதானத்துல, இருநூறு பேர் பாக்க ஒரு பெரிய பல்பு வாங்கினேன். பல்பு கதை சொல்றது நமக்குப் புதுசில்ல. ஆனா இந்த பல்பு கொஞ்ச நாளா மண்டைய குடையுது. அதான் இந்தப் பதிவு.

விஷயம் இதுதான். எங்க ஆபீஸும் பக்கத்துல இருக்கற இன்னும் நாலஞ்சு ஆபீஸும் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு ஹோம் ரன் போட்டி நடத்துவாங்க. வர்ற காசு வீடில்லாத குடும்பங்களுக்கு உதவற ஒரு உள்ளூர் அமைப்புக்குப் போகும். கலந்துக்கறவங்க 25 டாலர் கட்டணம் கட்டணும். அதுக்கும் மேல, தெரிஞ்சவங்க கிட்ட ஒரு தாளை நீட்டி "நான் அடிக்கற ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் இவ்வளவு தர்றேன்"னு எழுதி வாங்கணும். என் தாள்ல எல்லாம் சேர்த்து ஒரு ஹோம் ரன்னுக்கு 55 டாலர். எங்க டேமேஜர் மட்டும் 20 எழுதியிருந்தார். "நீ கிரிக்கெட் ஆடற ஆளு, பத்து அடிச்சு என்னைத் திவாலாக்கிடாத"ன்னு வேற சொன்னார். நானும் கெத்தா சிரிச்சுகிட்டேன்.

பேஸ்பால் தெரியாதவங்களுக்கு விதிய சொல்லிடறேன். பத்தடி, இருபதடி தள்ளி ஒரு வலைக்குப் பின்னாடி நின்னுகிட்டு ஒருத்தர் பந்தை மெதுவா தூக்கிப் போடுவார். பிடிக்கலைன்னா அடிக்காம விட்டுடலாம், குத்தமில்ல. ஆனா மட்டைய வீசிட்டா, பந்து நேரா பறந்து போய் வேலியைத் தாண்டணும். தாண்டலைன்னா அது ஒரு அவுட். பத்து அவுட் ஆனா ஆட்டம் முடிஞ்சது.

கேக்க எவ்வளவு சுலபமா இருக்கு! ஃபுல் டாஸா போடறான், சிக்ஸ் அடிக்க வேண்டியதுதானேன்னு நானும் நெனச்சேன். அங்கதான் ஆப்பு. கிரிக்கெட்ல சுத்தி 360 டிகிரில எங்க அடிச்சாலும் சிக்ஸ். இங்க 90 டிகிரிக்குள்ள மட்டும்தான் செல்லும். நான் அடிச்சதுல ரெண்டு பந்து நிஜமாவே வேலியைத் தாண்டிச்சு. ஆனா ரெண்டும் நம்ம ஊர் ஸ்கொயர் லெக் பக்கம். ஃபவுல். மீதி எட்டும் தரையில உருண்டுச்சு, இல்லைன்னா நேரா மேல போய் நேரா கீழ வந்துச்சு. மொத்தம் ஹோம் ரன் ஜீரோ.

இறங்கி வந்தப்ப டேமேஜர் தோள்ல தட்டி "நல்லவேளை, எனக்கு இருபது டாலர் மிச்சம்"னு சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.

நிற்க.

மத்தியானம் ஹாட் டாக் சாப்பிடறப்ப அந்த அமைப்புல இருந்து வந்த ஒரு அம்மா அஞ்சு நிமிஷம் பேசினாங்க. வீடில்லாத குடும்பம்னா எல்லாரும் தெருவோரம் படுத்திருக்கறவங்களைத்தான் நெனைக்கறோம், ஆனா குழந்தைங்க இருக்கற குடும்பம் பெரும்பாலும் தெருவுக்கு வராது, சொந்தக்காரங்க வீட்டு ஹால்ல, கார்ல, வார வாடகை மோட்டல்லதான் இருக்கும், அதனாலதான் நம்ம கண்ணுல படறதில்லன்னு சொன்னாங்க.

மோட்டல்னு சொன்னதும் எனக்கு சுருக்குன்னுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல கம்பெனி செலவுல ஒரு மாசம் சமையல் வசதி உள்ள ஒரு ஹோட்டல்ல தங்கியிருந்தேன். காலைல ஏழு மணிக்கு பார்க்கிங்ல மஞ்ச ஸ்கூல் பஸ் வந்து நிக்கும். ஏழெட்டு பசங்க ஏறுவாங்க. ஹோட்டலுக்கு எதுக்குடா ஸ்கூல் பஸ்ஸுன்னு ஒரு நாள் கூட எனக்குத் தோணல. ஒரு ராத்திரி துணி துவைக்கற ரூம்ல ஒரு பையன் வாஷிங் மெஷின் மேல நோட்டை வச்சு வீட்டுப்பாடம் எழுதிகிட்டிருந்தான். அவங்கம்மா என்கிட்ட டாலர் நோட்டைக் குடுத்து க்வார்ட்டர் இருக்கான்னு கேட்டாங்க. (நீங்க நெனைக்கற க்வார்ட்டர் இல்ல மக்கா, 25 சென்ட் காசு.) பேச்சு வாக்குல ஏழு மாசமா இங்கதான் இருக்கோம்னாங்க. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? "பாவம், ப்ராஜெக்ட் இழுத்துடுச்சு போல."

சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். ஹோட்டல்ல இருக்கறவன் எல்லாம் நம்மள மாதிரி ஆணி புடுங்க வந்தவன்தான்னு நெனப்பு.

இப்ப தேடிப் படிச்சதுல அந்த பஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு சட்டமே இருக்குன்னு தெரிஞ்சுது. 1987-ல வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம். வீடு போனாலும் குழந்தை பழைய பள்ளிக்கூடத்துலயே படிக்கலாம், போக வர வண்டிக்குப் பள்ளி நிர்வாகம்தான் ஏற்பாடு பண்ணணும்னு அது சொல்லுது.

எண்ணிக்கைலயும் ஒரு கூத்து இருக்கு. அமெரிக்க வீட்டு வசதித் துறை வருஷா வருஷம் ஜனவரில ஒரு ராத்திரி கணக்கெடுக்கும். 2024 ஜனவரில நாடு முழுக்க 7,71,480 பேர் வீடில்லாதவங்க. அதுல குழந்தைங்க கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். ஆனா கல்வித் துறை கணக்குல, 2022-23 கல்வியாண்டுல வீடில்லாத மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல! ஒண்ணு ஒரு ராத்திரி கணக்கு, இன்னொண்ணு ஒரு வருஷக் கணக்குங்கறது ஒரு காரணம். இன்னொரு காரணம், அடுத்தவங்க வீட்ல ஒண்டிக்கிட்டு இருக்கறவங்களையும், சொந்தக் காசுல மோட்டல்ல இருக்கறவங்களையும் முதல் கணக்கு சேத்துக்காது. ரெண்டாவது கணக்கு சேத்துக்கும். அந்த வாஷிங் மெஷின் பையன், அவங்கம்மா சொந்தக் காசுல தங்கியிருந்தா, ஒரு துறைக்கு வீடில்லாதவன். இன்னொரு துறைக்கு வெறும் ஹோட்டல் விருந்தாளி.

ஏழு மாசம் மோட்டலுக்கு வாடகை குடுக்கறவங்க ஏன் ஒரு வீடு எடுக்கக் கூடாது? எனக்கும் இதே கேள்விதான் வந்துச்சு. கணக்கு போட்டுப் பாருங்க. மாச வாடகை 1,800 டாலர்னு வைங்க. நியூ ஜெர்சில அட்வான்ஸா ஒன்றரை மாச வாடகை வரைக்கும் கேக்கலாம், சட்டப்படி. அது 2,700. முதல் மாச வாடகை 1,800. ஆக சாவிய கைல வாங்க 4,500 டாலர் மொத்தமா வேணும். அதுவும் போக, நிறைய வீட்டுக்காரங்க வாடகைய போல மூணு மடங்கு சம்பளம் எதிர்பார்ப்பாங்க, அதாவது 5,400. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மணிக்கு 15 டாலருக்கு முழுநேரமா வேலை பாத்தா கூட மாசம் 5,200தான் வரும். முன்னாடி ஒரு தடவை வாடகை பாக்கிக்காக கோர்ட்டு வரைக்கும் போயிருந்தாங்கன்னா, விண்ணப்பத்தை நிறைய பேர் தொடக்கூட மாட்டாங்க. மோட்டல்காரன் இதெல்லாம் கேக்கறதில்ல. வாரக் காசை வச்சியா, தங்கு. அவ்வளவுதான். மாசக் கணக்குல பாத்தா அதுதான் செலவு அதிகம். ஆனா ஒரே தடவைல 4,500 வைக்க வேண்டியதில்ல. அந்த 4,500 என்னைக்குமே சேராம போறதுக்குக் காரணமும் அதே மோட்டல் வாடகைதான்.

இப்ப என் ஜீரோவுக்கு வருவோம். அன்னைக்கு மொத்தமா ஆறாயிரத்துச் சொச்சம் டாலர் வசூல். அதாவது ஒரு குடும்பம் வீட்டுக்குள்ள போகலாம், மிச்சத்துல இன்னொருத்தரோட கார் ரிப்பேருக்கு ஆகும். (இங்க கார் நின்னுடுச்சுன்னா வேலை போச்சு, வேலை போச்சுன்னா வீடு போச்சு.) இதுல என் தாள் மூலமா வந்தது என் நுழைவுக் கட்டணத்தைத் தவிர ஒரு சல்லிக் காசு இல்ல. காரணம், எனக்கு பந்தை 90 டிகிரிக்குள்ள அடிக்கத் தெரியல. கல்லூரி டீம்ல ஆடின டெஸ்டிங் டீம் ஆளு ஒன்பது அடிச்சார், காசு கொட்டுச்சு. ஒரு குடும்பத்தோட அட்வான்ஸ் என் முழங்கை எந்தப் பக்கம் மடங்குதுங்கறதைப் பொறுத்தா இருக்கணும்?

இதைப் போட்டி நடத்தற குழுவுல இருக்கற ஒருத்தர் கிட்ட சொன்னேன். ஐம்பது வயசுக்காரர், பல வருஷமா இதைப் பண்றவர். பொறுமையா கேட்டுட்டு ஒண்ணு சொன்னார். ஒரு வருஷம் மழையால போட்டி ரத்தாச்சாம். "சரி, எல்லாரும் நேரா காசை அனுப்பிடுங்க"ன்னு மெயில் போட்டாங்களாம். வழக்கமா வர்றதுல கால்வாசி கூட வரலையாம். விளையாட்டுன்னாதான் ஜனங்க வர்றாங்க, ஒவ்வொரு அடிக்கும் காசுன்னாதான் கத்தறாங்க, அந்த சத்தம் இல்லைன்னா காசும் இல்லன்னார்.

யோசிச்சா அவர் சொல்றதும் நியாயம்தான். இங்க பெரிய லெவல்லயே இந்தப் பழக்கம் உண்டு. மேஜர் லீக்ல 1985-ல இருந்து ஆல்-ஸ்டார் ஆட்டத்தை ஒட்டி ஹோம் ரன் டெர்பி நடக்குது. ஒரு காலத்துல ஒன்பது அவுட் ஆனதும் தங்க கலர் பந்து போடுவாங்க, அதுல ஹோம் ரன் அடிச்சா தர்ம காரியத்துக்குக் காசு. ஆனா இன்னொரு வழியும் அதே டெர்பில உண்டு. 2019-ல பீட் அலோன்சோன்னு ஒரு புது ஆட்டக்காரர் ஜெயிச்சு பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கினார். அதுல பத்து சதவீதத்தை ரெண்டு தர்ம அமைப்புகளுக்குக் குடுத்தார். ஜெயிச்சா தருவேன்னு ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் எண்ணிகிட்டு இருக்கல.

அதனால போட்டியே வேணாம்னு நான் சொல்ல வரல. போட்டி இருக்கணும். "அடிச்சாத்தான் தருவேன்"ங்கறது போகணும். ஒவ்வொருத்தரும் எழுதற தாள்ல ரெண்டு கட்டம் போடுங்க. முதல் கட்டம், அடிச்சாலும் அடிக்காட்டியும் தர்றது. ரெண்டாவது கட்டம், அடிச்சா அதுக்கு மேல தர்றது. ஜாலியும் போகாது, என்னை மாதிரி ஆளால ஒரு குடும்பத்துக்கு வர வேண்டியதும் போகாது.

இது வேலைக்கு ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? திங்கக்கிழமை அந்தத் தாளைத் தூக்கிட்டு ஒவ்வொரு சீட்டுக்கா போனேன். "ஒரே ஒரு ஹோம் ரன் அடிச்சதா நெனச்சுக்கோங்க"ன்னு கேட்டேன். ஒருத்தர் கூட இல்லன்னு சொல்லல. டேமேஜர் ரெண்டு ஹோம் ரன்னுக்கா 40 குடுத்தார். மொத்தம் 75 டாலர். அவர் கஞ்சன் இல்லைங்க. சனிக்கிழமை அவருக்கு மிச்சம் பண்ணிக் குடுத்தது அந்த விதிதான்.

இன்னொரு விஷயத்துல அந்த அமைப்பை மனசார பாராட்டணும். உதவி வாங்கற ஒரு குடும்பத்தைக் கூட மைதானத்துக்குக் கூட்டிட்டு வரல. மேடை ஏத்தி அழ வைக்கல, பெரிய அட்டை செக் குடுத்து போட்டோ எடுக்கல. அந்தப் பையன் நாளைக்கு அதே பள்ளிக்கூடத்துக்குத்தானே போகணும். இந்த நாகரிகத்துக்கு இந்த மாநிலத்துலயே ஒரு நல்ல முன்னோடி இருக்கு. 1986-ல நியூ ஜெர்சி சம்மிட் ஊர்ல கேரன் ஓல்சன் தொடங்கினது, இன்னைக்கு ஃபேமிலி ப்ராமிஸ்ங்கற பேர்ல நாடு முழுக்க இருக்கு. பல சர்ச்சுகளும் மத்த வழிபாட்டு இடங்களும் முறை வச்சு, ஆளுக்கு ஒரு வாரம் நாலஞ்சு குடும்பங்களைத் தங்க வச்சு சாப்பாடு போடறதுன்னு ஆரம்பிச்சாங்க. ராத்திரி சமைக்கற தன்னார்வலர்களும் அந்தக் குழந்தைங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க.

"இதெல்லாம் அரசாங்கம் பண்ண வேண்டிய வேலை, பந்தை அடிச்சா வீட்டு வாடகை குறையுமா?"ன்னு சிலர் கேப்பீங்க. குறையாது. ஒத்துக்கறேன். மத்திய குறைந்தபட்சக் கூலி 2009-ல இருந்து மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம் உழைச்சா மாசம் சுமார் 1,257. வருமானத்துல 30 சதவீதம் வாடகைக்குன்னு வச்சா 377 டாலர். 377 டாலருக்கு இங்க கார் நிறுத்த இடம் கிடைச்சாலே அதிர்ஷ்டம். வாடகை உதவிக்குத் தகுதி இருக்கற குடும்பங்கள்ல நாலுல ஒண்ணுக்குத்தான் மத்திய அரசோட உதவி கிடைக்குது. இதை எந்த ஹோம் ரன்னும் மாத்தாது, ஓட்டு போடறவங்கதான் மாத்தணும். எனக்கு இந்த ஊர்ல ஓட்டு கிடையாது. ஆனா சட்டம் மாறற வரைக்கும் அந்தப் பையன் வாஷிங் மெஷின் மேல எழுதிகிட்டே இருக்கணும்னு சொல்ல எனக்கு மனசு வரல. 4,500 டாலருங்கறது ஆறு ஆபீஸ் சேர்ந்தா முடியாத தொகை இல்ல.

ரெண்டு கட்டம் போட்ட தாளை குழுவுக்கு அனுப்பியிருக்கேன். "பாக்கறோம்"னு பதில் வந்திருக்கு. பாக்கட்டும்.

உங்க ஆபீஸ்ல ஓட்டப் பந்தயம், பௌலிங்னு இந்த மாதிரி ஏதாவது நடந்தா, எவ்வளவு வசூலாச்சு, எந்த விதி வேலைக்கு ஆச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

டிஸ்கி: அந்த ரெண்டு பந்தும் சென்னைல இருந்திருந்தா சிக்ஸுதான். யாரும் இல்லன்னு சொல்லக் கூடாது :-)