சின்னப் பம்பே போதும்



சுங்கை பட்டாணி அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "ஐயா, எனக்கும் வீட்டுக்காரருக்கும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய மீன்தொட்டியில் தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறது. தானாக நீர் நிரப்பும் பம்பு வைக்கலாம் என்றால், கடைக்காரர் பெரியதாக வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம் அம்மா. அந்தத் தவற்றை நான் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டேன்.

எங்கள் தோட்டப் பள்ளியிலும் ஒரு மீன்தொட்டி உண்டு. விடுமுறையில் வற்றாதிருக்க, ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் வைத்து, பலமான பம்பைப் பொருத்தினேன். கழிவறைத் தொட்டிக்குள் இருக்கிறதே, அதுபோன்ற மிதவைதான் இதற்கும் காவல்காரன். நீர் இறங்கினால் பம்பு ஓடும், ஏறினால் நிற்கும். விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால், தரையெல்லாம் தண்ணீர்! ஒரு நத்தை மிதவையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மிதவை எழவில்லை, பம்பும் நிற்கவில்லை. கீழ்த்தட்டில் இருந்த பயிற்சிப் புத்தகங்கள் ஊறிப் போயின. அதைவிடக் கொடுமை, மின்சார இணைப்புப் பலகை அந்த நீரிலேயே கிடந்தது. வெறுங்காலோடு ஒரு பிள்ளை முதலில் நுழைந்திருந்தால்? இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

அன்று நான் கற்றது இதுதான்: மிதவை ஒரு நாள் ஏமாற்றும். ஏமாற்றினாலும் வீடு நனையாதபடி முதலிலேயே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

தொட்டி 90 செண்டிமீட்டர் நீளம், 40 செண்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செண்டிமீட்டர் உயர நீர் 3.6 லிட்டர். வழக்கமான மட்டத்துக்கு மேல், விளிம்பு வரை 4 செண்டிமீட்டர் இடம் இருந்தால், இன்னும் 14.4 லிட்டர் தாங்கும். ஆகவே, வாளியில் 12 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். மிதவை பழுதானால் வாளிதான் காலியாகும்; கீழ்மாடிக்காரர் வந்து கதவைத் தட்டமாட்டார்!

இனிப் பம்பு. பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, மணிக்கு எத்தனை லிட்டர். மற்றது, எவ்வளவு உயரம். அந்த உயரம் பம்பின் எல்லை; அங்கே நீர் வராது. வாளியின் அடியிலிருந்து குழாய் ஏறும் உச்சிவரை அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் என்றால், ஒன்றரை மீட்டர் என்று போட்டிருக்கும் சின்னப் பம்பு போதும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வந்தாலே தாராளம். மணிக்கு 3,000 லிட்டர் இறைக்கும் பம்பு, அந்த 12 லிட்டரை அரை நிமிடத்துக்குள் கொட்டிவிடும். நீர் தீர்ந்த பிறகும் ஓடினால் பம்பு கெட்டுப்போகும். ஆகவே வாளி வற்றுமுன் நிரப்பிவிடுங்கள்.

குழாயின் முனை தொட்டி நீரைத் தொடக்கூடாது. தொட்டால், பம்பு நின்றதும் தொட்டி நீர் அதே குழாய் வழியே இறங்கி வாளியில் வழியும். வாளியைத் தொட்டியைவிட உயரத்தில் வைப்பதும் ஆபத்து. பம்பு நின்ற பிறகும் நீர் தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

மின்கம்பியில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாதபடி, கம்பியைப் பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கவிடுங்கள். இணைப்புப் பலகையைத் தரையில் போடாதீர்கள். வீட்டு மின்பெட்டியில் உள்ள இ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

வாளிக்கு மூடி அவசியம். தேங்கிய நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசுப் புழு வளரவிடுவது குற்றமும்கூட. குழாய் நீரானால், குளோரின் நீக்கும் மருந்து கலந்தே நிரப்புங்கள். ஆவியாகப் போவது நீர் மட்டும்தான். மீனின் கழிவு தொட்டியிலேயே தங்கும். ஆகையால், பம்பு இருக்கிறதென்று வாராவாரம் நீர் மாற்றுவதை விட்டுவிடாதீர்கள்.

லயத்துப் பொதுக்குழாயில் குடம் வைத்த நம் தாய்மார்கள், குழாயைச் சிறிதாகத் திறந்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்கள். போனாலும் ஒரு கண் குடத்தின் மேலேயே இருக்கும். பம்பு வாங்கிய பிறகும் அந்த ஒரு கண் வேண்டும். வாளி நிரப்பும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பாருங்கள், அம்மா. மீனை ஆசைப்பட்டவர்கள் அவர்கள்தாமே!

அடுத்த இதழில் சந்திப்போம்.