துளசி வாடினால் அஞ்ச வேண்டுமா?

மாடத்துத் துளசி வாடத் தொடங்கினால் இல்லத்து மூத்தோர் மனம் கலங்குவது இயல்பு. வழிபாட்டில் என்ன குறை நேர்ந்ததோ, குடும்பத்துக்கு என்ன வருமோ என்று உறக்கமின்றித் தவிப்போரும் உண்டு. அவ்வாறு அஞ்சத் தேவையில்லை. தாயாராகப் போற்றப்படும் துளசி, மண்ணில் நிற்கும்போது செடியின் இயல்பையும் ஏற்றே நிற்கிறாள்.

துளசி பல்லாண்டுச் செடி வகையினதாயினும் நெடுங்காலம் வாழ்வதன்று. தொட்டியில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனதும் தண்டு முற்றி, அடிப்புறம் வெறுமையாகித் தழை குறையும். பச்சை இலையுடைய இராம துளசிக்கும், கருஞ்சாயல் கொண்ட கிருஷ்ண துளசிக்கும் இது பொருந்தும். மார்கழி, தை மாதப் பனியில் இலை உதிர்வதும் வழக்கமே. வெயில் ஏறியதும் மீண்டும் துளிர்க்கும்.

முதுமைக்கு முன்பே பட்டுப்போகும் செடிகள் பல, பக்தியின் மிகுதியாலேயே அவ்வாறு ஆகின்றன. வீட்டில் நால்வர் இருந்து, ஒவ்வொருவரும் ஒரு செம்பு நீர் வார்த்தால் வேர் அழுகிவிடும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் அழுத்திப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டுமே நிறைய நீர் விட வேண்டும். ஈரம் இருக்கும் நாளில் ஓர் உத்தரணி தீர்த்தம் சமர்ப்பித்தால் போதும். பால் வார்த்தால் மண் புளித்து எறும்பும் பூஞ்சையும் சேரும். மஞ்சள், குங்குமத்தை மாடத்தின் சுவரில் இடலாம். தண்டில் அப்ப வேண்டா. அகலின் வெப்பம் இலையைக் கருக்காதவாறு விளக்கைச் சற்றே தள்ளி ஏற்றுதல் நலம்.

சிமெண்டு மாடங்கள் சிலவற்றின் அடியில் துளை இருப்பதில்லை. நீர் வடியத் துளை இன்றியமையாதது. செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலும் வேண்டும். அடுக்குமாடி இல்லங்களில் பூஜையறை வாயிலைவிட, வெயில் விழும் பால்கனியே துளசிக்கு உகந்த இடம்.

கதிர்விட்டுப் பூக்கும் மஞ்சரியை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விதை முற்றவிட்டால் செடியின் வலிமை அதிலேயே செலவாகும். மஞ்சரிக்குக் கீழுள்ள இரண்டு இலைகளோடு சேர்த்துக் கிள்ளினால் பக்கக் கிளைகள் புறப்படும். கிள்ளிய மஞ்சரி பெருமாளுக்கு உகந்த சமர்ப்பணம் ஆதலால், செடியைப் பேணுவதும் அர்ச்சனைக்குச் சேர்ப்பதும் ஒரே செயலாகிறது. துவாதசியில் பறிக்கும் வழக்கமில்லை. முன்கூட்டியே பறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து, மண் கொத்தி நீர் பாய்ச்சிய பெரியாழ்வாருக்குத் துளசிச் செடியின் அடியில்தான் ஆண்டாள் கிடைத்தாள் என்பது வைணவ மரபு. கையில் மண் ஒட்டுவதும் கைங்கரியமே என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆகவே, செடி செழித்திருக்கும்போதே இரண்டொரு மஞ்சரியை முற்றவிட்டு விதை எடுத்துவைத்தல் நன்று. கடுகினும் சிறிய அவ்விதைகளை மண்மேல் தூவி, மெல்லிய மண் போர்வையிட்டு, நீர் தெளித்து வந்தால் ஓரிரு வாரங்களில் முளைக்கும். பூவாத இளங்கிளையை நான்கு அங்குலம் நறுக்கி நீரில் வைத்தாலும் வேர்விடும். பழைய செடி பட்டுப்போனால் வணங்கி எடுத்து, மரத்தடியில் சேர்த்துவிட்டு, அதன் கன்றையே மாடத்தில் நடலாம். வழிபாடு ஒரு நாளும் தடைபடாது. மூத்தோர் மனமும் கலங்காது.