கையை ஊன்றாமல் எழுந்திருங்கள்

விடியற்காலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் மதுரைப் பெரியவர்கள் பலரைப் பார்த்துவிடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், காமராஜர் சாலைக் கடைக்காரர்கள், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்குள் நடந்துவிட்டு வந்துவிடும் பாட்டிமார்கள். ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் எக்கோ பார்க்கிலும் இதே கூட்டம்தான். பௌர்ணமி என்றால் திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையும் நிறைந்துவிடும். நடந்தால் நல்லது என்பதை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

நடந்து முடித்துச் சுற்றுச்சுவரில் உட்கார்கிறார்களே, அவர்கள் எழுந்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கை சுவரில், ஒரு கை முழங்காலில். "முருகா" என்று ஒரு முனகல். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, இரண்டாவது முயற்சியில்தான் எழுகிறார்கள். அதற்குச் சற்று முன்பு வரை சளைக்காமல் நடந்துகொண்டிருந்தவர்கள்தான். வயதான காலத்தில் வலியில்லாமல் நடமாட என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் காட்டுவது இந்த ஒரு அசைவைத்தான். நடையை விட்டுவிட வேண்டாம். ஆனால் நடை மட்டும் போதாது. எழுந்திருக்கப் பழக வேண்டும்.

சமதரையில் நடக்கும்போது தொடையின் முன்பக்கத் தசைக்குப் பெரிய வேலை இல்லை. தாழ்வான இருக்கையிலிருந்து எழவும், மாடிப்படி ஏறவும், டவுன் பஸ்ஸின் முதல் படியில் காலை வைத்து உடம்பைத் தூக்கவும் அதே தசைதான் முழு மூச்சாக உழைக்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டியதிலிருந்தே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. வெளியே தெரியாமல் நடக்கிற காரியம் இது. திடீரென்று ஒருநாள் கழிவறையில் பிடிமானம் தேடும்போதுதான் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடலுழைப்பு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி. நாம் முதலாவதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டோம்.

"இந்த வயசுல இனி எங்க பலம் வரப்போகுது" என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய ஆராய்ச்சி. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு முதியோர் இல்லத்தில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தொண்ணூறு வயதையொட்டி. நலிந்த உடம்புக்காரர்கள். அவர்களைக் காலால் எடை தூக்க வைத்தார்கள். அதுவும் லேசான எடை இல்லை, அவரவர் தாங்குகிற அளவில் கனமான எடை. எட்டு வாரம். ஒருவர் இடையில் நின்றுவிட, ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. கம்பு ஊன்றி நடந்த இரண்டு பேர் கம்பைக் கீழே வைத்துவிட்டார்கள். தொண்ணூறு வயதுத் தசைக்கே வளரத் தெரிகிறது என்றால் அறுபத்தெட்டு வயதில் கையை விரித்துவிட நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

மேலூர்ப் பக்கம் எனக்கு ஓர் அத்தை இருக்கிறார். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்ததும் நடவுக்கு இறங்கி, அறுப்பு முடிகிற வரை வயலிலேயே கிடந்த உடம்பு. மாமா போன பிறகு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கயிற்றுக் கட்டிலோடு ஒடுங்கிவிட்டார். கொஞ்ச நாளில் முட்டி வலி. எக்ஸ்ரே எடுத்தார்கள், தேய்மானம் என்றார்கள். அப்புறம் ஊரே கூடி அவரை உட்கார வைத்துவிட்டது. தண்ணீர்ச் செம்பைக்கூட யாராவது எடுத்துக் கொடுத்தார்கள். ஒருநாள் வாசற்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, படுத்தே விட்டார்.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே, அந்தத் திட்டத்தைச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கிற திட்டம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீடு தேடி வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் அடக்கம். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. இந்த வீட்டுப் பிசியோதெரபிக்காகவே கொடுத்திருந்தாலும் தகும் என்பேன். அத்தை வீட்டுக்கு வந்தது ஒரு சின்னப் பெண். பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, நழுவாதபடி அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். உயரம் போதவில்லை என்று ஒரு போர்வையை நாலாக மடித்து அதன்மேல் வைத்தாள்.

"அப்பத்தா, கைய ஊண்டாம எந்திரிங்க பாப்போம்."

"ஏத்தா, முட்டி விட்டுப் போயிரும்."

"போகாது. நான் பக்கத்துலதான நிக்கிறேன். பாதத்தைக் கொஞ்சம் பின்னாடி இழுங்க. இப்ப முன்னால குனிங்க. மூக்கு முட்டிக்கு நேரா வரட்டும். ம்ம், இப்ப எந்திரிங்க."

அத்தை எழுந்துவிட்டார். எழுந்ததைவிட உட்கார்ந்ததில்தான் அந்தப் பெண் கண்டிப்பாக இருந்தாள். தொப்பென்று விழக் கூடாது, மூன்று எண்ணி இறங்க வேண்டும் என்றாள். காரணம் உண்டு. உடம்பை மெல்ல இறக்கும்போதும் தொடைத் தசை விடாமல் உழைக்கிறது. விழுந்து உட்கார்ந்தால் அந்த உழைப்பு போய்விடும், முதுகெலும்பும் அதிரும். ஐந்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து முறை. சுலபமாக வந்ததும் போர்வையை எடுத்துவிட வேண்டும். அத்தை இப்போது எழுபதைத் தாண்டியவர். போர்வை போய்விட்டது. வாசல் கூட்டிக் கோலம் போடுகிறார்.

வீட்டில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது வரை உள்ள பெண்களுக்கு 11-க்குக் குறைந்தாலும் ஆண்களுக்கு 12-க்குக் குறைந்தாலும் கீழே விழும் அபாயம் இருக்கிறது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் பயப்பட வேண்டாம். அன்றைக்கே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். கூடவே அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவது. அதே மேடையில் ஒரு விரல் மட்டும் பட, ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. குக்கர் விசில் வருவதற்குள் இரண்டும் முடிந்துவிடும்.

முட்டி வலிக்காரர்கள் அசையாமல் இருந்தால் வலி குறையும் என்று நம்புவது இயல்பு. ஆனால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நிமிரும்போது, பஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை இழுத்துக்கொள்வதுபோல, அது சுற்றியுள்ள திரவத்திலிருந்து தன் ஆகாரத்தை எடுத்துக்கொள்கிறது. உட்கார்ந்தே இருந்தால் அதற்குச் சாப்பாடு குறைகிறது. தசையும் மெலிகிறது. மெலிந்த தசை தாங்காத பாரம் மூட்டின்மேல் இறங்குகிறது. எக்ஸ்ரேயைப் பார்த்து மனம் ஒடிந்துபோகவும் வேண்டியதில்லை. படத்தில் நிறையத் தேய்ந்திருந்தும் வலியே இல்லாமல் மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சமே தேய்ந்து அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முட்டியில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை தரும் சுகத்தைவிட இது நீடித்தது.

பயிற்சியின்போது வலித்தால்? லேசான வலி வந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலி கூடியே இருந்தாலோ மூட்டு வீங்கினாலோ அளவைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். "கரண்ட் வச்சுக்கிட்டு வர்றேன்" என்று மாதக்கணக்கில் பிசியோதெரபி நிலையத்துக்குப் போய்ப் படுத்து எழுந்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வருந்துகிறது. கரண்ட் வைக்கும் மெஷின் வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும். அந்த நேரத்தில் செய்கிற பயிற்சியில்தான் பலன் இருக்கிறது. பயிற்சி கற்றுத் தராமல் மெஷினை மட்டும் வைத்து அனுப்பினால், என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வலியோடு உழைத்த ஒருவரை மதுரைக்கு நன்றாகத் தெரியும். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி. அவருக்கு வந்தது மூட்டுத் தேய்மானம் அல்ல, அதைவிடக் கொடிய முடக்குவாதம். ராணுவத்தில் மருத்துவராக இருந்தபோது தாக்கியது; 1948-இல் ராணுவத்தை விட்டு வர வேண்டியதாயிற்று. நீண்ட காலம் படுக்கை. விரல்கள் கோணிப்போய்ப் பேனாவைக்கூடப் பிடிக்க முடியாத நிலை. பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற ஆசை அதோடு போயிற்று. கண் மருத்துவத்துக்கு மாறி, மெல்ல நிற்கவும் நடக்கவும் பழகி, கோணிய விரல்களுக்குக் கத்தியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைகளால் ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தார். 1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். 2006-இல் தமது 87-ஆம் வயதில் மறைந்தார். முடக்குவாதத்துக்கு மருந்து அவசியம், வைத்தியர் மேற்பார்வை அவசியம். அதைப் பயிற்சியால் மட்டும் தீர்க்க முடியாது. ஆனால் வலி தீர்ந்த பிறகு வேலை செய்யலாம் என்று அவர் காத்திருந்தால் எத்தனை ஆயிரம் பேர் இருட்டிலேயே இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

"செய்கிற வேலையே எனக்குப் போதும்" என்கிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. மாட்டுத்தாவணியில் நாள் முழுக்க உட்கார்ந்து மல்லிகை கட்டுகிறவருக்கு விரல்கள் ஓய்வதில்லை, கால்கள் அசைவதில்லை. நாற்று நடுகிறவருக்கு இடுப்பு ஒடிகிறது, நிமிர்வதற்கு நேரமில்லை. உழைப்பு உடம்பின் ஒரு பக்கத்தையே தேய்க்கிறது. பயிற்சி மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. பூக் கட்டுகிறவர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று உட்கார்ந்தால் போதும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறவர்கள் டைனிங் டேபிள் வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பழக்கத்தைக் கைவிடாதீர்கள். முடியாதவர்கள் வீம்புக்குச் செய்யவும் வேண்டாம், நாற்காலியே நல்லது.

மதுரை வெயிலில் நடை காலை ஏழு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள், குறிப்பாகப் பாதம் மரத்துப்போனவர்கள், கோயில் பிரகாரத்துக் கல்தளத்தில் வெறுங்காலோடு சுற்றாதீர்கள்; சூடு பட்டது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். நெஞ்சு அடைப்பது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்குவது, முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மா எழத் தடுமாறும்போது அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கிவிடாதீர்கள். தோளுக்கும் கெடுதல், காலுக்கும் கெடுதல். பக்கத்தில் நில்லுங்கள், அவராக எழட்டும், சாய்ந்தால் மட்டும் பிடியுங்கள். குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி மாட்டுங்கள், ஈரம் வழுக்காத விரிப்புப் போடுங்கள். பாதம் தரையில் படாத உயரக் கட்டிலாக இருந்தால் கட்டில் காலை அறுத்துத் தாழ்த்துங்கள், தாழ்வாக இருந்தால் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். பக்கத்துத் தச்சரைக் கூப்பிட்டால் ஒரு பகலில் முடிகிற வேலை.