படகை மாற்றினால் போதுமா? 22 உயிர் போச்சே!

இரணியலுக்குப் பக்கத்தில்தான் குளச்சலும் முட்டமும். பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, மோட்டார் மாட்டி, சொந்தபந்தத்தோடு ஒரு ரவுண்டு போகணும் என்ற ஆசை யாருக்கும் வரலாம். தப்பில்லை.

பராமரிப்பையும் சொந்தமாகவே செய்யலாம். கடலுக்குப் போய் வந்ததும் எஞ்சினில் நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பைக் கழுவணும். கியர் ஆயில், பிளக், எண்ணெய்க் குழாய் பார்க்கணும். இதெல்லாம் கைப்பழக்கம்தான்.

படகின் உருவத்தில் கை வைக்கும்போதுதான் வில்லங்கம்! மேலே தளம் ஏற்றினால் பாரம் உச்சிக்குப் போகும். ஆட்கள் ஒரு பக்கம் ஒதுங்கினால் படகும் சாயும். அளவுக்கு மீறிய எஞ்சின் மாட்டினால் பின்பக்கம் தாழும்.

கேரள மாநிலம் தானூரில் 2023 மே 7-ந்தேதி இரவு கவிழ்ந்த உல்லாசப் படகு, முன்பு மீன்பிடி படகு! மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றினார்கள். 22 பேர் பலி, குழந்தைகளும் உண்டு.

ஆறு, காயலில் ஓடும் எந்திரப் படகுகளுக்குப் பதிவும் சோதனையும் வேண்டும் என்கிறது 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். "நம்ம படகுதானே, யார் கேட்கப் போறா?" என்பது கதைக்கு ஆகாது.

பெயிண்ட் அடிப்பது சொந்தக்காரர் இஷ்டம். தளம் ஏற்றுவது அப்படியல்ல. ஏறி உட்காருவது அடுத்தவர் பிள்ளைகளும்தான்!